பழைய லாரிகளும் புகைப் பரீட்சையும்

பழைய லாரிகள் கக்கும் கரும்புகையைப் பற்றி நம் நாட்டில் இரண்டு விதமான பேச்சு நடந்து வருகிறது. புகை விடும் வண்டியை அபராதம் போட்டு அடக்க வேண்டும், அடங்காவிட்டால் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. வண்டி பழசானால் புகை வரத்தான் செய்யும், ஏழையின் பிழைப்பில் மண்ணைப் போடலாமா என்பது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். புகை எதனால் வருகிறது என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேளாமல் சட்டம் செய்வதும் வீண், சட்டத்தை எதிர்ப்பதும் வீண் என்பது நமது அபிப்பிராயம்.

புகை அற்ப விஷயமென்று எவரும் எண்ண வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீஸல் எஞ்சின் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயமென்று தெரிந்த பொருள்களின் முதல் வகுப்பில் 2012ம் வருஷத்தில் சேர்த்தது. அப்புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? அபராதம் விதிக்கும் அதிகாரியும் அல்லர், சட்டம் செய்யும் கனவான்களும் அல்லர். லாரி ஓட்டுபவரும், கிளீனர் பையனும், பட்டறையில் எஞ்சினுக்குள் தலையை விட்டிருக்கும் மெக்கானிக்கும், சாலையோரத்து டீக்கடைக்காரரும், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுமே. ஆகவே ஏழையின் பெயரால் புகைக்கு மன்னிப்புக் கேட்பவர்கள், அந்த ஏழையின் நுரையீரலை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லாமற் போகவில்லை. 1989ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115வது விதி, எந்த வண்டி எவ்வளவு புகை விடலாமென்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. வண்டி பதிவாகி ஒரு வருஷம் சென்றபின், புகை அளவுக்குட்பட்டது என்று காட்டும் அத்தாட்சிப் பத்திரம் எப்போதும் இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4, 6 வகுப்பு வண்டிகளுக்கு அப்பத்திரம் ஒரு வருஷம் செல்லும். அதற்கு முந்திய வண்டிகளுக்கு ஆறு மாதமே செல்லும். விதியை மீறியோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவில், 2019ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, மூன்று மாதம் வரை சிறைவாசமோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ விதிக்க இடமுண்டு. மூன்று மாத காலம் லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியும் போகும். கடுமையான சட்டந்தான். கடுமையை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆயினும், கோர்ட்டில் பழகிய எவரும் அறிந்த நியாயம் ஒன்றுண்டு. தண்டனை எவ்வளவு பெரிதோ, விசாரணையும் அவ்வளவு திருத்தமாக நடைபெற வேண்டும். இங்கே விசாரணை எப்படி நடக்கிறது?

லாரியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், ஆக்ஸிலேட்டரை ஒரே மூச்சில் கடைசி வரை அழுத்தி விடுகிறார்கள். இப்படிப் பல முறை செய்கிறார்கள். புகைக் குழாயில் செருகிய கருவி, புகையினூடே வெளிச்சம் எவ்வளவு தடைப்படுகிறதென்று அளக்கிறது. பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்திய டீஸல் வண்டியானால் அந்த அளவு மீட்டருக்கு 2.45க்கு மேற்படக் கூடாது. 4ம் ஸ்டேஜ் வண்டியானால் 1.62க்கு மேற்படக் கூடாது. மேற்பட்டால் தோல்வி. அவ்வளவுதான் பரீட்சை.

இப்பரீட்சை வண்டிக்கு நோய் உண்டு என்று சொல்லும். என்ன நோய் என்று சொல்லாது. காய்ச்சல்காரன் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, சூடு 103 டிகிரி என்று எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்ச் சூட்டைக் குறைத்துக்கொண்டு வா என்று அனுப்பும் வைத்தியரை யாராவது மெச்சுவார்களா? பரீட்சையிலே வேறு குறைகளும் இருக்கின்றன. பாரமில்லாமல் நின்ற இடத்தில் செய்யும் பரீட்சை இது. தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு ஏறும்போது அதே வண்டி கக்கும் புகை பரீட்சை நிலையத்தில் தெரிய வராது. பெடலை அழுத்துபவன் அரை மனத்தோடு அழுத்தினால் அளவும் குறைந்து வரும். நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவை டீஸல் வண்டிகளில் இப்பரீட்சை அளப்பதே இல்லை.

அளப்பதையாவது யோக்கியமாக அளக்கிறார்களா? டில்லியின் வாகனப் புகையைப் பற்றி இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் தயாரித்த அறிக்கை 2025ல் டில்லி சட்டசபையில் வைக்கப்பட்டது. அளவுக்கு மேல் புகை விட்ட ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அத்தாட்சிப் பத்திரம் வழங்கப்பட்டிருந்தது அதில் வெளியாயிற்று. ஒரே நிலையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பரீட்சித்ததாகவும் கணக்கு இருந்ததாம். பார்லிமெண்டும் ஸுப்ரீம் கோர்ட்டும் உள்ள தலைநகரின் நிலைமை இது. மற்ற ஊர்களைப் பற்றி நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

நமக்குப் பரிச்சயமான லாரிச் சொந்தக்காரர் ஒருவர் சங்ககிரிப் பக்கத்தில் இருக்கிறார். சொந்தக்காரரும் அவரே, டிரைவரும் அவரே. 2012ம் வருஷத்து பாரத் ஸ்டேஜ் 3 வண்டியைக் கடன்பட்டுச் செகண்டில் வாங்கியவர். ஒரு கோடையில் அந்த வண்டி ஏற்றத்தில் கறுப்பாகப் புகைய ஆரம்பித்தது, இழுவையும் குறைந்தது. புகைப் பரீட்சையில் தோற்றது. முதல் பட்டறையில் நாசில்கள் அத்தனையும் புதிதாகப் போட்டார்கள். புகை நிற்கவில்லை. இரண்டாவது பட்டறையில் பம்பைக் கழற்றி வேலை பார்த்தார்கள். புகை சற்றுக் குறைந்தது. இழுவை அதைவிட அதிகமாகக் குறைந்தது. மூன்றாவது இடத்தில் வயதான மேஸ்திரி ஒருவர், ஸ்பானரைக் கையில் எடுக்கு முன்பாக, கிளீனரை ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தார். கிளிப்புக்கு அடியில், மேலே தெரியாதபடி, இரண்டு விரற்கடை நீளம் கிழிந்திருந்தது. ஹோஸை மாற்றினார். புகை நின்றது, இழுவையும் திரும்பிற்று. ஆனால் அதற்குள் அம்மனிதர் இரண்டு மாதத் தவணையைத் தவறவிட்டிருந்தார். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருந்தது. நியாயமாகச் சொன்னால், அவரைப் பிடித்து வருத்தியது புகையல்ல, குருட்டு விசாரணை.

அந்த மேஸ்திரிக்கு மந்திரம் எதுவும் தெரியாது, கிரமம் தெரியும். டீஸல் எஞ்சினில் எண்ணெய் முழுவதும் எரிய வேண்டுமானால் நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும். போதிய காற்று வேண்டும். எண்ணெய் பனித்தூவல் போல் நுண்மையாய் விழ வேண்டும். சரியான க்ஷணத்தில் விழ வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் குறையாதிருக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று தவறினாலும் புகை வரும். எது தவறியது என்று கண்டுபிடிப்பதுதான் விசாரணை.

அதில் முதல் சாட்சி புகையின் நிறம். கறுப்புப் புகையானால், விழும் எண்ணெய்க்குக் காற்று போதவில்லை, அல்லது எண்ணெய் அதிகமாகவோ மோசமாகவோ விழுகிறது என்று பொருள். நீலம் கலந்த புகையானால், டீஸலோடு எஞ்சின் ஆயிலும் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். வால்வு சீலோ டர்போ சீலோ போயிருக்கலாம். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியும் இருக்கலாம். வெள்ளைப் புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து மறைந்தால் டைமிங்கையும் அழுத்தத்தையும் நாசிலையும் சந்தேகிக்க வேண்டும். சூடேறிய பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலப் புகை விடும் வண்டிக்கு நாசில் மாற்றுவது, வயிற்று வலிக்காரனுக்குப் பல் பிடுங்குவது போலாகும்.

இரண்டாவது சாட்சி வண்டி ஓட்டுபவர். புகை எப்போது ஆரம்பித்தது, ஏற்றத்திலா சமநிலத்திலா, இழுவை குறைந்ததா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் முன்பு கொடுத்தது, இப்போது எவ்வளவு, ஆயில் எத்தனை நாளைக்கொரு முறை குறைகிறது என்று நிதானமாகக் கேட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு கையை வைக்கும்போது, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும். முதலில் ஏர் பில்டர். செங்கல் சூளைக்கும் கல் குவாரிக்கும் போய்வரும் வண்டியில் அது எத்தனை சீக்கிரம் அடைத்துப் போகும் என்று சொல்ல வேண்டுமோ? அடுத்து ஹோஸ்கள், கிளிப்புகள். அடுத்து டர்போவின் தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்ற சோதனை. அடுத்து டாப்பெட் இடைவெளி. பிறகு, பழைய பம்ப் வண்டிகளில், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணெய்க் குழாய் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தால், எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று தெரியும். (புதிய காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது, அக்குழாயின் அழுத்தம் ஆளைக் காயப்படுத்திவிடும்.) அதன்பின் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் வைத்து, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவல் ஒழுங்காக இருக்கிறதா, நுனியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் பார்ப்பதும், பம்பைக் கழற்றி மேடையில் ஏற்றுவதும் கடைசிக் காரியங்கள். நமது பட்டறைகள் பலவற்றில் இந்தக் கிரமம் தலைகீழாக நடக்கிறது. பம்பில் ஆரம்பித்து ஏர் பில்டரில் முடிக்கிறார்கள். செலவெல்லாம் லாரிக்காரர் தலையில் விழுகிறது.

லாரிச் சொந்தக்காரர்களுக்கும் நாம் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பம்பிலுள்ள எண்ணெய்த் திருகைக் குறைத்துப் பரீட்சையில் தேறி, வெளியே வந்ததும் பழையபடி கூட்டிவிடும் வழக்கம் யாருக்கும் தெரியாததல்ல. இது மோசடி. சட்டத்தை ஏமாற்றுவதாக நினைத்துத் தம் வண்டியின் நோயைத் தாமே மறைத்துக் கொள்கிறார்கள். எரியாமல் புகையாய்ப் போகும் டீஸல் அவர்கள் காசு. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, அதை இழுப்பதற்காக எண்ணெயைக் கூட்டி வைத்தால், எந்த மேஸ்திரியாலும் புகையை நிறுத்த முடியாது. சிறியவர்கள் மட்டுமே இப்படிச் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. பரீட்சை நடக்கிறதென்று கண்டுகொண்டு, அப்போது மட்டும் புகையை அடக்கிக் காட்டும் தந்திரத்தைக் கம்ப்யூட்டர் மூலமாகவே அமைத்து, உலகமெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட வண்டிகளை போக்ஸ்வாகன் கம்பெனி விற்றிருந்தது 2015ல் அம்பலமாயிற்று. சிறியவன் திருகால் செய்ததைப் பெரியவன் கணக்குப் பொறியால் செய்தான். இரண்டும் ஒரே ஜாதிக் குற்றம். ஒருவனுக்கு மன்னிப்பு இல்லையென்றால் மற்றவனுக்கும் இருக்கக் கூடாது.

இது நிற்க. பழைய லாரி என்ற பெயருக்குள் இப்போது மற்றொரு வகையும் சேர்ந்துவிட்டது. 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தேசம் முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 அமுலாயிற்று. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஸ்டேஜ் 6 அமுலாயிற்று. இடைப்பட்ட மூன்று வருஷத்தில் விற்ற லாரிகள் இன்று கைமாறிக் கைமாறிச் சிறு உடைமைக்காரர்களிடம் வந்து சேர்கின்றன. இவற்றில் சில, புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் எஞ்சினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு உள்ளவை. சில, யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, நைட்ரஜன் ஆக்ஸைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுபவை. கோளாறு வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால் ஒரு கோடு நம்பர் வரும். அதைக் கண்டதும் சென்சாரைக் கழற்றி எறிந்து புதுச் சென்சார் போடுவது வழக்கமாகிவிட்டது. நைட்ரஜன் ஆக்ஸைடு அதிகம் என்று சென்சார் சொன்னால், அது மெய்யாகவே அதிகமாக இருக்கலாமல்லவா? உண்மை சொன்ன சாட்சியைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? கோடு நம்பர் என்பது புகார், தீர்ப்பு அன்று. யூரியாக் கரைசலில் யூரியா நூற்றுக்கு 32.5 பங்கு இருக்க வேண்டும். தண்ணீர் கலந்த மட்டச் சரக்கை ஊற்றினால் கோடு வரும். தெளிக்கும் முனையில் உப்புப் போல் உறைந்து அடைத்திருந்தாலும் வரும். ஒயர் உராய்ந்து அறுந்திருந்தாலும் வரும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகே சென்சாரைக் குறை சொல்ல வேண்டும்.

இவ்வளவு தொல்லையும் எதற்கு என்று, யூரியா தெளிப்பதாகப் பொய்க் கணக்குக் காட்டும் சிறு பெட்டியொன்றைச் செருகிவிடுவோரும் உண்டு. விளக்கு அணைந்துவிடும். விஷவாயு தங்குதடையின்றி வெளியே போகும். அத்தகைய வண்டி புகைப் பரீட்சையில் சுகமாகத் தேறியும் விடும். ஏனெனில் பரீட்சைதான் அந்த வாயுவை அளப்பதில்லையே! திருடனைப் பிடிக்காத வலையை விரித்துவிட்டு, அதில் அகப்பட்ட ஏழைகளை எண்ணிப் பார்த்துச் சர்க்கார் திருப்தியடைகிறார்கள்.

கோளாற்றைக் கண்டுபிடிக்கும் கருவியும், கோடு நம்பர்களின் விளக்கமும், ஒயரிங் படமும் கம்பெனிகளின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் வரையில் சிறு பட்டறைக்காரர் ஊகத்தின் பேரில்தான் வேலை செய்வார். ஐக்கிய அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், மோட்டார் வண்டியை ரிப்பேர் செய்வதற்கான விவரங்களைக் கம்பெனிகள் வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டுமென்று 2012ல் சட்டமே செய்தார்கள். நம் நாட்டிலும் ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமையைப் பற்றி யோசிக்க மத்திய சர்க்கார் 2022ல் ஒரு கமிட்டி நியமித்தார்கள். மோட்டார் வாகனங்களும் அதன் விசாரணைக்கு உட்பட்டவை. யோசனை சட்டமாக வேண்டும். ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவனுக்கு, அதில் என்ன கோளாறு என்று அறியும் உரிமை இல்லையென்றால், அவன் வாங்கியது எதை?

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டில்லிப் பிரதேசத்தில் பத்து வருஷம் கடந்த டீஸல் வண்டிகள் ஓடக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் உத்தரவிட்டது. 2018ல் ஸுப்ரீம் கோர்ட்டும் அதை அநுசரித்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டிப் பலாத்கார நடவடிக்கை எடுக்க வேண்டாமென்று அதே கோர்ட்டு சொல்லிற்று. டிஸம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பாரத் ஸ்டேஜ் 4க்கும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்குமாக வரையறுத்தது. கோர்ட்டின் போக்கிலிருந்தே ஒன்று விளங்குகிறது. வயது ஓர் அடையாளம், அதுவே குற்றமாகாது. ஒழுங்காகப் பராமரித்த பழைய வண்டி, பராமரிப்பில்லாத நடுவயது வண்டியைவிடக் குறைவாகப் புகை விடக் கூடும். அதற்காக எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்ற வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. லைனரும் ரிங்கும் தேய்ந்து, செப்பனிடும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிட்டால், அதை உடைப்பதே நியாயம். அந்த முடிவு விசாரணைக்குப் பிறகு வர வேண்டும் என்பதே நம் வாதம்.

சர்க்கார் செய்ய வேண்டியவை நமது யோசனையில் ஐந்து. பரீட்சையில் தோற்ற வண்டிக்கு, அளவுகளையும் புகையின் நிறத்தையும் முதலில் பார்க்க வேண்டிய பாகங்களையும் தமிழில் எழுதிய சீட்டொன்று கட்டாயமாகக் கொடுக்க வேண்டும். செப்பனிட்டுத் திரும்ப வர நியாயமான தவணை தர வேண்டும். அத்தவணைக்குள் அபராதம் கூடாது. தொழிற் பயிற்சி நிலையங்களில் டீஸல் மெக்கானிக் வகுப்பு நடக்கிறது. அங்கே பட்டறைகளில் ஏற்கெனவே வேலை செய்யும் மேஸ்திரிகளுக்கு மாலை வகுப்பு வைத்து, கோளாறு காணும் கிரமத்தையும் ஸ்கேனரையும் கற்பிக்க வேண்டும். கம்பெனிகள் விவரங்களையும் கருவிகளையும் நியாய விலைக்குக் கொடுக்கும்படி செய்ய வேண்டும். கடைசியாக, பொய்ப் பத்திரம் கொடுக்கும் நிலையத்தையும் ஏமாற்றுப் பெட்டி விற்கும் கடையையும் முதலில் பிடித்துவிட்டு, அதன் பிறகு லாரிக்காரரிடம் போக வேண்டும்.

பொது வாழ்வில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் இதை மெக்கானிக்குகளின் சமாசாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் கணக்கற்றவை. அவ்வூர்களின் லாரிச் சங்கங்கள் நாசில் டெஸ்டர் ஒன்று, ஸ்கேனர் ஒன்று, புகை அளக்கும் கருவி ஒன்று பொதுவில் வாங்கி வைத்து, நம்பிக்கையான மேஸ்திரி ஒருவரை அமர்த்தினால், சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமலே பாதிக் காரியம் நடந்துவிடும். அபராதத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களென்று நம்புகிறோம்.